பின் ஸீட்டில் முதலாளி... முன் ஸீட்டில் ஆனந்தம்!

புதுச்சேரிக்காரனுக்கு வெளியூரில் இரண்டு விதமான மரியாதை உண்டு.

ஒன்று பழையது. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே ஒரு நமட்டுச் சிரிப்பு. "அடுத்த தடவை வரும்போது..." என்று ஆரம்பித்து, கட்டை விரலை வாய்ப்பக்கம் காட்டுவார்கள்.

இன்னொன்று கொஞ்சம் புதுசு. கொச்சியிலோ பெங்களூரிலோ சாலையோரம் நின்றுகொண்டிருப்போம். கப்பல் மாதிரி ஒரு வெளிநாட்டுக் கார் வழுக்கிக்கொண்டு போகும். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பி.ஒய். 01! நம்ம ஊர்! "உங்க ஊர்ல எல்லாரும் இவ்வளவு பணக்காரங்களா சார்?" என்று பக்கத்தில் இருப்பவர் வியப்பார். நான் மறுத்ததே கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு கிழட்டு ஸ்கூட்டர், அதுவும் காலை வேளையில் மூன்று உதைக்குக் குறைந்து கிளம்பாது என்கிற உண்மையை எதற்குச் சொல்வானேன்?

விஷயம் ரொம்ப எளிது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா போன்ற மாநிலங்களில் சாலை வரி என்பது காரின் விலையில் இத்தனை சதவீதம். கார் விலை ஏற ஏற, வரியும் ஏறும். எங்கள் ஊரில் நெடுங்காலமாக அது இத்தனை லட்சம் வரைக்கும் இவ்வளவு என்று படிப்படியாக நிர்ணயித்த தொகை. கார் எவ்வளவுக்கெவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்கவ்வளவு லாபம். இங்கே ஒரு வாடகை விலாசத்தைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு அங்கே ஓட்டுகிறார்கள் என்று 2017-ல் கேரளாவில் பெரிய விசாரணையே நடந்தது. இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

ஆக, பி.ஒய். 01 கார்களில் பாதி, புதுச்சேரிக் கடலைக் கண்ணால் கூடப் பார்த்திராதவை என்பது என் சந்தேகம். அதனால்தான் போன மாதம் டூமா தெருவில், வேப்ப மர நிழலில், நிஜமாகவே எங்கள் ஊரில் ஓடுகிற ஒரு பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸைப் பார்த்தபோது, தூரத்து உறவுக்காரரைக் கண்ட மாதிரி நின்றுவிட்டேன்.

பக்கத்தில் ஐம்பது வயசு தாண்டிய டிரைவர். மஞ்சள் துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற பதம்.

"இன்னா தம்பி, பாக்கறீங்க? வாங்கப் போறீங்களா?"

"கனவுலகூட இ.எம்.ஐ. கட்ட முடியாதுண்ணே. சும்மா பாக்கறேன்."

சிரித்தார். அம்பாசிடர் டாக்ஸியில் ஆரம்பித்தவராம். முதலாளி எதிர்க் கட்டடத்தில் மீட்டிங்கில் இருந்தார். பேச்சுவாக்கில் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்:

"ஒரு சந்தேகம் தம்பி. எத்தினியோ லட்சம் குடுத்து வாங்கினவரு பின்னால உக்காந்து போன்ல பேசிக்கினு வராரு. ஓட்டறது நானு. இந்த வண்டியை அந்த ஜெர்மன்காரன் யாருக்குன்னு செஞ்சான்? அவருக்கா, எனக்கா?"

நான் படித்தது பி.காம். கேள்வி என்று வந்துவிட்டால் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற ஜாதி. புரட்டினேன். அண்ணனின் கேள்விக்குப் பின்னால் ஐம்பது வருஷக் கதை இருந்தது.

மேலே ஒண்ணு... கீழே ஒண்ணு... நடுவுல?

பி.எம்.டபிள்யூ. என்பது 'பவேரியா மோட்டார் தொழிற்சாலை' என்பதன் ஜெர்மன் சுருக்கம். 1916-ல் வேர் விட்ட கம்பெனி. முதலில் செய்தது காரே இல்லை, விமான இன்ஜின். 1923-ல் மோட்டார் சைக்கிள். 1928-ல்தான் கார். அதுவும் சொந்த டிசைன் அல்ல. இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானங்களுக்கு இன்ஜின் செய்தது, அதற்குக் கைதிகளையும் கட்டாயத் தொழிலாளர்களையும் பிழிந்தது எல்லாம் இந்தக் கம்பெனியின் வரலாற்றில் உள்ள கறுப்புப் பக்கம். 2016-ல் நூற்றாண்டு கொண்டாடியபோது கம்பெனியே அதற்கு வருத்தம் தெரிவித்தது.

போர் முடிந்து 1950-களில் மறுபடி கார் செய்தபோது ஒரு வேடிக்கையான தப்பு செய்தார்கள். பெரிய பணக்காரர்களுக்கு 501 என்று ஒரு தடித்த கார். அதன் உருண்டு திரண்ட உடம்பைப் பார்த்து ஜனங்கள் 'பரோக் தேவதை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் 507 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அழகோ அழகு! மொத்தம் விற்றது 250 சொச்சம். இந்தப் பக்கம் ஏழைக்கு ஐசெட்டா. முட்டைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஒரே கதவு, அதுவும் முன்பக்கம். ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே உட்காருகிற மாதிரி ஏற வேண்டும். அது நன்றாகவே விற்றது. ஆனால் லாபம் சுண்டைக்காய்.

மேலே தேவதை, கீழே முட்டை. நடுவில், மாதச் சம்பளம் வாங்கி, கொஞ்சம் சேர்த்து வைத்து, கௌரவமாக ஒரு கார் வாங்க ஆசைப்படுகிற ஆபீஸ்காரனுக்கு ஒன்றுமே இல்லை. நடுத்தர வர்க்கத்தை மறந்த எந்த வியாபாரமும் உருப்பட்டதில்லை. கம்பெனி கடனில் விழுந்தது.

ஒரு என்ட்ரி காப்பாற்றிய கம்பெனி

1959, டிசம்பர் 9. மூனிச் நகரில் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை ஜென்மப் போட்டியாளரான டெய்ம்லர்-பென்ஸின் கையில் ஒப்படைத்துவிடுவது என்று மேலிடத்தில் பேசி முடித்திருந்தார்கள். பெரிய வங்கியின் ஆதரவும் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. 'சீக்கிரம் முடிவெடுங்கள், இன்றைக்கு விட்டால் இந்த ஏற்பாடு இல்லை' என்று கழுத்தில் கத்தி வேறு.

சிறு பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்துப் போனார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த ஓட்டு சொற்பம். எண்ணினால் தோல்விதான்.

அப்போதுதான் எரிஷ் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரியும், ஃப்ரீட்ரிஷ் மாட்டெர்ன் என்ற வக்கீலும் ஐந்தொகையைக் கையில் எடுத்தார்கள். ஆமாம், பேலன்ஸ் ஷீட்! அதில் ஒரு விஷயம் உறுத்தியது. பி.எம்.டபிள்யூ. 700 என்று ஒரு புதுச் சின்னக் கார் வரப் போகிறது. அதை உருவாக்க ஆன செலவு முழுவதையும் ஒரே வருஷத்துக் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள்.

பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். வருஷக்கணக்கில் விற்கப்போகிற ஒரு காரின் உருவாக்கச் செலவை வருஷக்கணக்கில்தானே பிரித்து எழுத வேண்டும்? ஒரே வருஷத்தில் கொட்டினால் நஷ்டம் பூதாகரமாகத் தெரியும். கம்பெனி செத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குப் புது ஓடு போட்ட செலவை அந்த மாச மளிகைக் கணக்கில் எழுதிவிட்டு, 'ஐயோ, குடும்பம் திவால்' என்று அலறுவது போல.

கணக்கில் தப்பு என்று ஆட்சேபித்தால், கூட்டத்தை ஒத்திவைக்க வெறும் 10 சதவீத ஓட்டு போதும் என்றது சட்டம். அந்தப் பத்து சதவீதம் சிறுசுகளிடம் இருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பென்ஸ் ஏற்பாடு காலாவதியானது. பிறகு ஹெர்பர்ட் க்வான்ட் என்ற தொழிலதிபர் பெரும் பங்கை வாங்கிக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். சின்ன வயசிலேயே பார்வை ஏறத்தாழ போய்விட்ட மனிதர். எல்லோருக்கும் கண்ணில் படாத எதிர்காலம் அவருக்கு எப்படியோ தென்பட்டது!

என் பி.காம். பட்டத்தைப் பார்த்து, 'டெபிட் கிரெடிட் எழுதறதெல்லாம் ஒரு படிப்பா?' என்று கேட்ட மாமாக்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கவும்.

ஐந்து பிறந்தது

மறந்துபோன நடுத்தரவர்க்கக்காரனுக்கு 1961-ல் பதில் வந்தது. பி.எம்.டபிள்யூ. 1500. 'புது வகுப்பு' என்றே அந்த வரிசைக்குப் பெயர். நாலு கதவு, சுறுசுறுப்பான இன்ஜின், அதிகம் அலட்டாத முகம். பின் ஜன்னல் முடிகிற இடத்தில் கண்ணாடி சட்டென்று முன்பக்கம் வளைந்து நிற்கும். டிசைன் தலைவர் ஹோஃப்மைஸ்டர் பெயரால் அறியப்படும் அந்த வளைவு கம்பெனியின் அங்க அடையாளமாகவே ஆகிப்போனது.

ஆர்டர் குவிந்து, மூனிச்சில் இடம் போதவில்லை. 1966-ல் டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் இருந்த க்ளாஸ் என்ற கம்பெனியை வாங்கினார்கள். சுற்றிலும் விவசாய பூமி. கிராமம் கிராமமாக பஸ் விட்டு ஆட்களை வேலைக்கு அழைத்து வந்தார்கள்.

1972-ல், மூனிச்சில் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம், 'புது வகுப்பு'க்கு வாரிசாக வந்தது முதல் 5 சீரிஸ். அதற்கு உருவம் கொடுத்த காலத்தில் டிசைன் பொறுப்பில் இருந்தவர் பால் ப்ராக். பிரெஞ்சுக்காரர்! (புதுச்சேரிக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இது போதும்.)

பெயரில் உள்ள எண்ணுக்கும் அர்த்தம் இருந்தது. 520 என்றால் 5 சீரிஸ், 2.0 லிட்டர் இன்ஜின். 525 என்றால் 2.5 லிட்டர். கணக்கு நேர்மையாக இருந்த காலம். இன்றைக்கு 530 என்று எழுதிய காரின் மூடியைத் திறந்தால் உள்ளே 2 லிட்டர் இன்ஜின்தான் இருக்கிறது. டர்போ வைத்துச் சமாளிக்கிறார்கள். ரேஷன் கடைத் தராசு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

1973-ல் டிங்கோல்ஃபிங்கில் புதுத் தொழிற்சாலை திறக்கிற நேரம் பார்த்து, அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று மேற்கு ஜெர்மனியே தடை போட்டது. ஆனாலும் தொழிற்சாலையை மூடவில்லை. நெருக்கடி போனது, 5 சீரிஸ் நின்றது.

புஸ்-புஸ் தத்துவம்

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். இந்த வண்டி யாருக்கு?

அந்த நாளில் எங்கள் ஊரில் 'புஸ்-புஸ்' என்று ஒரு வாகனம் ஓடியது. பிரெஞ்சில் 'தள்ளு, தள்ளு' என்று அர்த்தம். பழைய தபால் அட்டைகளில் படம் இருக்கிறது. தொப்பி வைத்த துரை உட்கார்ந்திருப்பார். முன்சக்கரத்தைத் திருப்புகிற பிடி துரையின் கையில். பின்னால் ஒரு தமிழன் நின்று தள்ளுவான். திருப்புவது முன்னால், தள்ளுவது பின்னால்.

பி.எம்.டபிள்யூ. பொறியாளர்கள் இதைப் படித்தால் கோபிப்பார்கள், ஆனால் 5 சீரிஸின் அடிப்படைச் சித்தாந்தமும் அதேதான். முன்சக்கரம் திருப்புவதோடு சரி. தள்ளுகிற வேலை பின்சக்கரத்துக்கு. ஒரே சக்கரம் இரண்டையும் செய்தால் திருப்பும்போது கையில் ஓர் இழுப்பு தெரியும். வேலையைப் பிரித்துவிட்டால் ஸ்டியரிங் சுத்தமாகப் பேசும். அதோடு காரின் எடை முன்னால் பாதி, பின்னால் பாதி என்று வருமாறு பார்த்துக்கொண்டார்கள். காவடி தூக்குகிறவருக்கு இது புரியும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் ஆட முடியும்.

1981-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் டாஷ்போர்டின் நடுப்பகுதியையே டிரைவர் பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். ரேடியோ, ஏ.ஸி. பட்டன் எல்லாம் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கும். பக்கத்து ஸீட்டுக்காரர் வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்! அதே தலைமுறையில்தான் 1983-ல் கம்பெனியின் முதல் டீசல் கார் வந்தது. 1985-ல் எம்5 வந்தது. வெளியே பார்த்தால் சட்டையை இன் பண்ணிய ஹெட் கிளார்க். உள்ளே 286 குதிரை சக்தி, ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின்.

1988-ல் மூன்றாவது, 1995-ல் நாலாவது. அந்த நாலாவதைத்தான் இன்றைக்கும் கார்ப் பைத்தியங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அடிப்பகுதியில் இரும்புக்குப் பதில் நிறைய அலுமினியம் போட்டு, மேடு பள்ளத்தில் மெத்தென்றும் வளைவில் விறைப்பாகவும் போக வைத்த கார்.

2003-ல் ஐந்தாவது. கண் புருவத்தை உயர்த்தின மாதிரி விளக்கு. பட்டன்களை எல்லாம் ஒழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே திருகு. ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவதற்கு டியூஷன் போக வேண்டும் என்று கிண்டல் செய்தார்கள். டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மகஜர் கூடப் போட்டார்கள். அத்தனை திட்டு வாங்கிய அந்த உருவத்தை வரைந்தவர் டாவிடே ஆர்க்காஞ்செலி என்ற இத்தாலிய இளைஞர். கார் தெருவுக்கு வருவதற்கு முன்பே, 2000-ல், முப்பதே வயதில் ரத்தப் புற்றுநோயால் போய்விட்டார். திட்டையும் கேட்கவில்லை, பின்னால் உலகம் அதே பாணியைக் காப்பி அடித்ததையும் பார்க்கவில்லை.

செங்கல்பட்டுப் பிள்ளை

அந்த ஐந்தாவது தலைமுறைதான் நம் வீட்டுப் பிள்ளையானது. 2007 மார்ச் 29 அன்று, செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம்.

ஏன் இங்கே? மறுபடியும் கணக்குதான். முழுக் காராகக் கப்பலில் இறக்கினால் சுங்க வரி ஏறத்தாழ இன்னொரு கார் விலை. பாகம் பாகமாகப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி அதில் ஒரு துண்டு. கல்யாணத்துக்குப் பலகாரத்தை வெளியூரிலிருந்து வரவழைப்பதற்குப் பதில் சமையல்காரரை மாவோடு வரவழைக்கிற யோசனை.

2015-ல் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸீட், சைலன்ஸர் என்று உள்நாட்டுச் சரக்கின் பங்கை 50 சதவீதம் வரைக்கும் உயர்த்தினார்கள். அதைக் காட்டுவதற்கு அந்த ஏப்ரலில் சச்சின் டெண்டுல்கர் வந்து, நம்ம ஊர் டெக்னீஷியன்களோடு நின்று ஒரு 5 சீரிஸுக்கு நட்டு முடுக்கினார். 2022-ல் இந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு லட்சமாவது கார் வெளியே வந்தது. டிங்கோல்ஃபிங்கின் விவசாயி மகன் செய்ததைச் செங்கல்பட்டின் விவசாயி மகன் செய்தான்.

110 மில்லிமீட்டர்

இதுவரைக்கும் கதை அண்ணன் பக்கம்தான். 1960-களிலிருந்து கம்பெனியின் விளம்பர வாசகமே 'ஓட்டும் ஆனந்தம்' என்பதுதான். உட்காரும் ஆனந்தம் அல்ல! ஜெர்மனியில் இந்தக் காரை வாங்குகிற மேனேஜர், டையைத் தளர்த்திக்கொண்டு தானே ஓட்டிப் போவார். டிரைவர் வைத்துக்கொள்கிற வழக்கம் அங்கே அபூர்வம்.

கிழக்கே வந்ததும் கதை மாறியது. சீனாவிலும் இந்தியாவிலும் காசு கொடுத்தவர் உட்காருகிற இடம் பின் ஸீட். 2006-லேயே சீனாவுக்காக 5 சீரிஸை இழுத்து நீட்டினார்கள். நமக்கு அந்த யோகம் 2024 ஜூலையில். எட்டாம் தலைமுறையின் நீட்டிய வடிவம், செங்கல்பட்டுத் தயாரிப்பு, அறிமுக விலை 72 லட்சத்து 90 ஆயிரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சாதாரண 5 சீரிஸில் 2,995 மில்லிமீட்டர். இதில் 3,105. கூடுதலாக 110 மில்லிமீட்டர். நாலு அங்குலத்தைச் சற்றே தாண்டும். அந்த இடம் முழுக்க முதலாளியின் முழங்காலுக்கு. முன் ஸீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

அடுத்தது இன்னும் மோசம். ஜெர்மன் நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரைக்கும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட இந்தத் தலைமுறைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். கார் தானே போகும். டிரைவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

இதை எல்லாம் இரண்டு வாரம் கழித்து, அதே வேப்ப மரத்தடியில் அண்ணனிடம் சொன்னேன். துணியை மடித்துப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நான் எதுக்கு தம்பி?"

"திண்டிவனம் பைபாஸ்ல ராங் சைடுல வர டிராக்டரு, அதுக்குப் பின்னாலயே ஓடியாற கன்னுக்குட்டி... இதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியறதுக்கு இன்னும் ரொம்ப நாள் ஆவும்ணே" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேனா, நம்பிச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு ரிடையர் ஆக இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்க நினைத்தேன். டிரைவர் வேலைக்கு ரிடையர்மென்ட் ஏது? கேட்கவில்லை.

பிறகு அவராகவே சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் தம்பி. முதலாளியை விடியக்காலைல மெட்ராஸ் ஏர்போர்ட்ல எறக்கிட்டு, ஈ.ஸி.ஆர்.ல தனியா திரும்பி வருவேன். மரக்காணம் உப்பளத்துக்கிட்ட சூரியன் எழும்பும். ரோட்டுல ஈ காக்கா இருக்காது. எம்பதுலதான் வருவேன், வேகமெல்லாம் இல்ல. ஒரு வளைவு வரும் பாருங்க... ஸ்டியரிங்கை ரெண்டு வெரலால லேசா சாய்ச்சா, வண்டி அப்பிடியே நான் நெனைச்ச எடத்துல போய் நிக்கும். அப்ப சம்பளம், பேட்டா, வூட்டு வாடகை... ஒண்ணுமே ஞாபகம் வராது."

எதிர்க் கட்டடத்தில் கதவு திறந்தது. முதலாளி போனில் பேசிக்கொண்டே வந்தார். அண்ணன் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். அவர் ஏறினார், பேச்சை நிறுத்தவில்லை.

புஸ்-புஸ் காலத்துத் துரையாவது தன் வண்டியைத் தானே திருப்பினார். இவர் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில் இவருக்குக் கிடைத்தது பின் ஸீட். அந்த டிங்கோல்ஃபிங் பொறியாளர்கள் ஐம்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த சமாசாரம் எல்லாம் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் இரண்டு விரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சொத்து முதலாளியின் ஐந்தொகையில் இருக்கிறது. தேய்மானமும் அவர் கணக்கில்தான். ஆனந்தம் மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் முன் ஸீட்டில் உட்கார்ந்து போகிறது. கணக்கு எழுதத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு விடுபட்ட என்ட்ரியை மட்டும் எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்க வேண்டாம்.